கரையேறிய சாட்சியம்

திருப்பாதிரிப்புலியூருக்கு அருகே கரையேறவிட்ட குப்பம் என்றோர் ஊர் உண்டு. நாவுக்கரசரைக் கல்லோடு பிணித்துக் கடலில் எறியும்படி பல்லவ மன்னன் ஆணையிட்டான் என்பதும், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரை இந்தக் கரையில் சேர்த்தது என்பதும் நம் ஊர்க் குழந்தைகளும் அறிந்த வரலாறு. பக்தர்கள் அதைப் பக்தியோடு கேட்கட்டும். ராஜீய விஷயங்களில் கருத்துள்ளவர்கள் அதில் வேறொரு பாடத்தையும் காணலாம். அதிகாரத்தால் ஒரு மனிதனைக் கடலில் எறிய முடியும். எறிந்த பிறகு, அவன் மூழ்கிவிட்டான் என்று ஊரெங்கும் பறையறைவிக்கவும் முடியும். ஆனால் கரையில் வந்து நிற்பவனை இல்லையென்று சொல்ல முடியாது.

நமது கரையை அலைக்கும் அதே வங்கக் கடல்தான் தெற்கே முல்லைத்தீவின் கரையையும் அலைக்கிறது. அங்கே, நந்திக்கடல் என்னும் உப்பங்கழிக்கும் பெருங்கடலுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய மணல் திட்டில், 2009-ஆம் வருஷம் மே மாதம் இலங்கையின் உள்நாட்டு யுத்தம் முடிவுற்றது. அந்தக் கடைசி நாட்களை நேரில் கண்டு உலகத்துக்கு எழுதச் சுயேச்சையான பத்திரிகை நிருபர்கள் அனுமதிக்கப்படவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டு ஊழியர்கள் 2008 செப்டம்பரிலேயே வன்னியை விட்டு வெளியேற நேர்ந்தது. சாட்சிகளை அகற்றிவிட்டு யுத்தத்தை முடித்த கொழும்பு சர்க்கார், அதன் வரலாற்றையும் தானே எழுதிக்கொண்டது. நடந்தது மனிதாபிமான நடவடிக்கை. கைப்பட்டவர் எவரையும் ராணுவம் கொல்லவில்லை. மாண்டவர்கள் போரில் மாண்டார்கள். இதுவே அந்த உத்தியோக வரலாற்றின் சாரம்.

ஆனால் ஒரு சாட்சியை அவர்கள் அகற்ற மறந்துவிட்டார்கள். அது அவர்களுடைய சிப்பாய்களின் சட்டைப் பையிலேயே இருந்தது. வெற்றியின் மயக்கத்தில், நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளச் சிப்பாய்களே எடுத்தவை என்று கருதப்படும் புகைப்படங்களும் சலனப் படங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடல் கடந்தன. பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்ட் 25-ஆம் தேதி அவற்றுள் முதலாவதை ஒளிபரப்பியது. கைகள் பின்னே கட்டப்பட்டு, கண்கள் மூடப்பட்டு, உடையின்றி உட்கார்த்தப்பட்ட மனிதர்களைச் சீருடையணிந்தவர்கள் பின்னாலிருந்து சுட்டுத் தள்ளும் காட்சி அது. போரில் மாண்டவர்களின் கைகளைப் பின்னால் கட்டியது யார்? இந்த ஒரு கேள்விக்கு உத்தியோக வரலாற்றில் அன்றும் விடை இல்லை, இன்றும் இல்லை.

அவற்றுள் ஒரு சிறுவனின் படங்களைப் பற்றி மாத்திரம் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். விடுதலைப் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரனுக்கு அப்போது பிராயம் 12. 2012 மார்ச்சில் சானல் 4 வெளியிட்ட படத்தில் அவனுடைய பிரேதம் காணப்பட்டது. மார்பில் 5 குண்டுக் காயங்கள் இருந்தன. பக்கத்தில், அவனுடைய மெய்க்காவலர்கள் என்று கருதப்படும் மனிதர்களின் உடல்கள் கிடந்தன. அப்போதும், சண்டையின் நடுவே அகப்பட்டு இறந்திருக்கலாம் என்று வாதிப்பவர்களுக்கு இடமிருந்தது. 2013 பிப்ரவரியில் அந்த இடமும் அடைபட்டது. மணல் மூட்டைகள் அடுக்கிய ஒரு காப்பரணில் பையன் உயிரோடு உட்கார்ந்திருக்கும் படங்கள் வெளிவந்தன. தோளில் ஒரு துணி போர்த்தியிருக்கிறான். ஒரு படத்தில் யாரோ கொடுத்த தின்பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கிறான். மற்றொன்றில், கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட குழந்தை பார்ப்பதுபோல் மேலே பார்க்கிறான். உயிரோடிருந்த படமும் உயிரற்ற படமும் ஒரே கருவியால், சில மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்று அவற்றைச் சோதித்தவர்கள் கூறினர்.

ஸ்காட்லாந்தின் டண்டீ சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரேத பரிசோதனை நிபுணர் டெரிக் பவுண்டர் அந்தக் காயங்களைப் படத்திலிருந்து ஆராய்ந்தார். முதல் குண்டு இரண்டு மூன்று அடி தூரத்திலிருந்து பாய்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம். வெகு அருகிலிருந்து சுடும்போது வெடிமருந்தின் துகள்கள் காயத்தைச் சுற்றித் தோலில் பதியும். எட்டவிருந்து வரும் குண்டு அந்த அடையாளத்தை விடாது. சிறுவன் கையை நீட்டியிருந்தால் துப்பாக்கியைத் தொட்டிருப்பான். காப்பரணில் உட்கார வைத்துத் தின்னக் கொடுத்து, சில மணி நேரம் கழித்துக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று சுடுவதற்கு 'இடைச்சூடு' என்று பெயரா? அந்தப் பையன் செய்த குற்றந்தான் என்ன? இன்னாருக்கு மகனாகப் பிறந்தான் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. தகப்பனின் ராஜீயத்துக்காக மகனைக் கொல்வது யுத்தமன்று. அது ராஜீயக் கொலை.

இசைப்பிரியாவின் விஷயம் இதைவிடத் தெளிவானது. புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த அந்தப் பெண், 2009 மே 18-ஆம் தேதி 53-ஆவது படைப் பிரிவினரோடு நடந்த சண்டையில் மாண்டாள் என்று இலங்கைப் பாதுகாப்பு இலாகா அறிவித்திருந்தது. 2013 நவம்பர் 1-ஆம் தேதி வெளியான சலனப் படத்திலோ, அவளை உயிரோடு, ஆயுதமில்லாதவளாக, சிப்பாய்கள் நீர்க்கரையிலிருந்து பிடித்து வருகிறார்கள். பிரபாகரனின் மகள் என்று அவர்கள் நினைக்க, தான் அவளல்ல என்று அவள் சொல்வது கேட்கிறது. அவளுடைய பிரேதத்தை அதற்கு முன்பே வேறு படங்களில் உலகம் கண்டிருந்தது. அந்தக் கோலத்தை இங்கே எழுத நமது பேனா கூசுகிறது. இலாகாவின் காகிதம் சண்டையில் இறந்தாள் என்கிறது. இலாகாவின் சிப்பாய்கள் நடுவே நின்றெடுத்த படம் சிறைப்பட்டாள் என்கிறது. இரண்டும் மெய்யாக இருக்க முடியாது.

இவற்றுக்கெல்லாம் கொழும்பு சர்க்கார் அளித்து வந்த பதில் ஒன்றே: 'படம் பொய், புனைந்தது, ஒட்டியது.' இந்தப் பதிலை நாம் அலட்சியம் செய்யவில்லை. பொய்ப் படம் செய்வது இக்காலத்தில் எளிது. வருங்காலத்தில் இன்னும் எளிதாகும். ஆகவே படம் என்றவுடன் நம்பிவிடுவது தேசத் தொண்டருக்கு அழகன்று. சொன்னவர் யார் என்று பாராமல் சொன்னதன் மெய்யை ஆராய்வதே அறிவு என்பது வள்ளுவர் வழி வந்த நமக்குப் புதிதன்று. அந்த ஆராய்ச்சி நடந்ததா என்பதே கேள்வி. நடந்தது, ஒரு முறையன்று, நான்கு முறை.

முதலாவதாக, ஐக்கிய நாடுகள் சபையின் விசேஷ அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், 2009-இல் வெளியான படத்தை மூன்று சுயேச்சையான நிபுணர்களிடம் கொடுத்தார். ஒருவர் பிரேத பரிசோதனை அறிந்தவர். ஒருவர் துப்பாக்கி அறிந்தவர். ஒருவர் சலனப் படத் தொழில் அறிந்தவர். துப்பாக்கி பின்னடிக்கும் விதம், உடல் சாயும் விதம், இரத்தத்தின் போக்கு எல்லாவற்றையும் பார்த்து, படம் மெய்யானதாகவே தோன்றுகிறது என்று அவர்கள் கூறினர். 2010 ஜனவரியில் ஆல்ஸ்டன் இதைப் பிரசுரித்தார். படத்தில் பதிந்திருந்த தேதி ஜூலை மாதத்தைக் காட்டியது உட்பட, விளக்கம் கிட்டாத சில அம்சங்களையும் அவர் மறைக்கவில்லை. தமக்குப் பாதகமானதையும் எழுதும் அறிக்கையே நம்பத் தகுந்த அறிக்கை. இரண்டாவதாக, அவருக்குப் பின் வந்த கிறிஸ்டாஃப் ஹெய்ன்ஸ், இசைப்பிரியாவின் பிரேதமும் காணப்படும் நீண்ட படத்தைச் சோதிப்பித்து, அது மெய்யே என்ற முடிவை 2011 மே மாதம் வெளியிட்டார்.

இவர்கள் அந்நியர், பகைவர் என்று ஒதுக்குவாரும் உண்டு. அப்படியானால் மூன்றாவதைக் கேட்கட்டும். இலங்கை ஜனாதிபதியே நியமித்த 'கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும்' பற்றிய கமிஷன், 2011 டிசம்பரில் வெளியான தன் அறிக்கையில், சானல் 4 படத்தின் உண்மையை அறியச் சுயேச்சையான விசாரணை வேண்டுமென்று சிபாரிசு செய்தது. வெறும் பொய்ப் படத்துக்கு விசாரணை எதற்கு? நான்காவது எல்லாவற்றிலும் முக்கியமானது. ஓய்வுபெற்ற நீதிபதி மாக்ஸ்வெல் பரணகம தலைமையில் அதே சர்க்கார் அமைத்த கமிஷனின் அறிக்கை 2015 அக்டோபரில் வெளிவந்தது. ராணுவத்தின்மீது கூறப்படும் யுத்தக் குற்றங்களில் நம்பத் தகுந்தவை உண்டென்றும், கட்டுண்டவர்கள் கொல்லப்படும் காட்சி மெய்யானதென்றும் அது கண்டது. கல்லைக் கட்டி எறிந்தவர்களின் சொந்த நீதிபதியே கரைக்கு வந்து, மிதப்பது மெய்தான் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகும் படம் பொய் என்பவர்கள் யாரை நம்பச் சொல்கிறார்கள்?

படத்தின் எல்லையையும் நாம் அறிவோம். படம் ஒரு கண். அது ஒரு பக்கத்தை மாத்திரமே பார்க்கும். சுட்டவனைக் காட்டலாம், சுடச் சொன்னவனைக் காட்டாது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1963 நவம்பர் 22-ஆம் தேதி டல்லஸ் நகரில் கொல்லப்பட்டபோது, ஜாப்ருடர் என்ற வியாபாரி தற்செயலாக எடுத்த படம் அரை நிமிஷங்கூட இல்லை. வாரன் கமிஷன் அதைப் பார்த்தே 1964-இல் தன் முடிவைச் சொன்னது. பொது ஜனங்கள் அதை ஓடும் படமாகத் தொலைக்காட்சியில் கண்டது 1975-இல்தான். கண்டபின் எழுந்த கேள்விகள் அமெரிக்கச் சட்டசபையை மறுபடி விசாரிக்கத் தூண்டின. ஆயினும் வாதம் இன்னும் ஓயவில்லை. படம் தீர்ப்பன்று; விசாரணையைத் தவிர்க்க முடியாததாக்கும் சாட்சியம். முல்லைத்தீவுப் படங்களுக்கும் நாம் கேட்பது அவ்வளவே. இதோ சாட்சி, கூண்டில் ஏற்றுங்கள், குறுக்கு விசாரணை செய்யுங்கள். பொய்ச் சாட்சியென்றால் அங்கே பொடிப்பொடியாகட்டும். மெய்யென்று நெஞ்சறிந்தவர்களே சாட்சியைக் கூண்டேற விடாமல் வாசலில் தடுப்பார்கள்.

'புலிகள் செய்த கொலைகளைப் பற்றி ஏன் பேசுவதில்லை?' என்று கேட்கப்படுகிறது. பேசுவோம். பேசாமல் இந்தத் தலையங்கத்தை முடிக்க நமக்கு உரிமையில்லை. 1991 மே 21-ஆம் தேதி இரவு, நமது தமிழ் மண்ணில், ஸ்ரீபெரும்புதூரில், தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். காவல் துறையினரும் பொது ஜனங்களுமாகப் பதினைந்து பேருக்கு மேல் அவரோடு மாண்டார்கள். தங்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்றே புலிகள் அன்று சொன்னார்கள். ஆனால் அங்கேயும் ஒரு படக் கருவி இருந்தது. கொலையாளிகள் தங்கள் செயலைப் படம் பிடிப்பதற்காகவே அழைத்து வந்திருந்த ஹரிபாபு என்ற இளைஞன் குண்டுக்கு இரையானான். அவன் கருவி மாத்திரம் சிதையாமல் பிழைத்தது. அதிலிருந்த சுருளில் 10 படங்கள். மாலையோடு காத்து நிற்கும் தனுவும், வெள்ளை உடையில் பத்திரிகை நிருபர்போல் நிற்கும் சிவராசனும் அவற்றில் இருந்தார்கள். மறுப்புரை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். நாட்டின் நீதிமன்றங்கள் படத்தைச் சாட்சியமாக ஏற்றன, நாமும் ஏற்றோம்.

வாசகர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலும் முல்லைத்தீவிலும் படம் எடுத்தது கொன்றவர்களின் தரப்பே. இரண்டிடத்திலும் பெருமைக்காகத் தேடிய படம் பழிக்குச் சான்றாயிற்று. இரண்டிடத்திலும் சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள், கருவி மறுக்கவில்லை. 1991-இன் படத்தை ஒப்புக்கொண்டு 2009-இன் படத்தை ஒதுக்குகிறவரும் நியாயவான் அல்லர். 2009-இன் படத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு 1991-இன் படத்தை மறைக்கிறவரும் நியாயவான் அல்லர். சாட்சிக்குக் கட்சியில்லை. நம்முள் சிலருக்கு இது கசக்கும். தமிழர் கையில் இரத்தம் படிந்த காட்சியைப் பார்க்க மறுத்துவிட்டுத் தமிழர் இரத்தத்துக்கு மாத்திரம் நியாயம் கேட்டால், கேட்பவரின் குரல் நடுங்கும். கேட்கும் உலகம் சிரிக்கும். இரண்டையும் நேராகப் பார்க்கத் துணிந்தவனுக்கே இரண்டையும் பற்றிப் பேச வாயுண்டு.

ஸ்ரீபெரும்புதூர் வழக்கு இன்னொரு பாடத்தையும் தருகிறது. அதில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே, தாம் வாங்கிக் கொடுத்த மின்கலங்கள் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013-இல் ஒப்புக்கொண்டார். பேரறிவாளன் 30 வருஷங்களுக்குமேல் சிறைப்பட்டு, 2022 மே 18-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவால் வெளிவந்தார். ஹரிபாபுவின் கருவி ஒன்றையும் விட்டு எழுதவில்லை. மனிதனின் பேனாதான் விட்டு எழுதிற்று. உத்தியோகக் காகிதம் என்பதனாலேயே ஒன்று வேதவாக்கு ஆகிவிடாது. கொழும்பின் காகிதத்துக்கும் டில்லியின் காகிதத்துக்கும் இது பொருந்தும்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? யுத்தம் முடிந்த சில நாட்களில், 2009 மே மாதமே, ஜெனீவாவில் கொழும்பைப் பாராட்டிய தீர்மானத்துக்கு இந்திய சர்க்கார் ஆதரவாக வோட்டளித்தது. 2012, 2013-ஆம் வருஷங்களில் கொழும்பிடம் பொறுப்புக் கேட்ட தீர்மானங்களை ஆதரித்தது. சிறுவனின் படத்தைக் கண்டு தமிழ்நாட்டு மாணவர்கள் வீதிக்கு வந்த காலம் அது. 2014-இலும், 2021-இலும், 2022-இலும் வோட்டளிக்காமல் நடுநிலை வகித்தது. கொலைக்கும் விசாரணைக்கும் நடுவே நிலை ஏது? அன்று ஸ்ரீபெரும்புதூரில் தன் தலைவரைக் கொன்றவர்களைக் கண்டறியப் படத்தை நம்பிய தேசம், முல்லைத்தீவின் படத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வது அதன் கௌரவத்துக்கு உகந்ததன்று.

கொழும்போ, வெளிநாட்டு நீதிபதிகளும் பங்குகொள்ளும் விசேஷ நியாயஸ்தலத்துக்கு 2015-இல் ஜெனீவாவில் சம்மதித்து, 2020-இல் அந்தச் சம்மதத்தை மீட்டுக்கொண்டது. 2024-இல் பதவியேற்ற புதிய சர்க்காரும், ஐக்கிய நாடுகள் சபையின் சாட்சியத் திரட்டைத் தொடரும் தீர்மானத்தை நிராகரித்தது. ஆட்கள் மாறினார்கள், பூட்டு மாறவில்லை. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்தில் எந்தப் படைப் பகுதி நின்றது, அதன் அதிகாரி யார், பிடிபட்டோர் எவர் பொறுப்பில் இருந்தார்கள் என்பவை ராணுவத்தின் பதிவேடுகளில் அடங்க வேண்டிய விவரங்கள். அவற்றை நியாயஸ்தலத்தின் முன் வைக்கட்டும். படம் கேட்கும் கேள்விக்குப் பதிவேடுதான் பதில் சொல்ல வேண்டும்.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வேலை உண்டு. படத்தை வீதியில் ஒட்டிக் கோபத்தை வளர்ப்பது எளிது. மூலப் படம் எது, எடுத்த கருவி எது, எத்தனை கை மாறியது என்ற விவரங்களோடு அதைப் பத்திரப்படுத்துவதே கடினம், பயனுள்ளதும் அதுவே. ஒரு வரியைக் கூட்டினாலும், ஒரு காட்சியை ஒட்டினாலும், எதிரிக்குத் தப்பும் வழியை நாமே திறந்துவிடுகிறோம். 2021 மார்ச்சில் நிறைவேறிய தீர்மானத்தின்படி ஐக்கிய நாடுகள் சபை திரட்டி வரும் சாட்சியங்களில் சேரத் தகுந்தவை சேரட்டும். கண்டவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிறது.

மதுரையில் ஒரு கொலை நடந்தது. கோவலன் கள்வன் என்பதே அரசனின் உத்தியோக வாக்கு. கணவனை இழந்த பெண் சபையேறித் தன் சிலம்பைச் சான்றாகச் சொன்னபோது, பாண்டியன் 'அது போலிச் சிலம்பு' என்று கூறிவிடவில்லை. கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொண்டுவரச் சொன்னான். உடைத்துப் பார்க்க விட்டான். உள்ளிருந்து தெறித்தது முத்தன்று, மாணிக்கம் என்று கண்டதும் தானே கள்வன் என்று ஒப்பி வீழ்ந்தான். அவன் தவறு செய்த அரசன்தான். ஆயினும் சான்றை உடைத்துப் பார்க்க அஞ்சாத அரசன். அந்த ஒரு குணத்தினாலேயே தமிழுலகம் அவனை இன்றும் முற்றும் வெறுக்காமல் வைத்திருக்கிறது. சிலம்பை ஒளித்து வைத்திருந்தால் மதுரை எரிந்தது மாத்திரமே அவன் பெயரில் மிஞ்சியிருக்கும்.

கொழும்பில் ஆள்வோருக்கும், டில்லியில் ஆள்வோருக்கும், புலிகளின் பெயரால் இன்னும் பேசுவோருக்கும் நாம் சொல்வது இதுவே: சிலம்பை உடைத்துப் பாருங்கள். காப்பரணில் உட்கார்ந்து தின்பண்டம் தின்ற சிறுவனுக்கு இருந்த சில மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் உயிரோடிருக்கும்போதே சொல்ல வேண்டும். கல் மிதந்து கரைக்கு வந்துவிட்டது. அதை மறுபடியும் கடலுக்குள் தள்ளுவதற்கு ஒருவருக்கும் நாம் துணைபோக மாட்டோம்.